பிராசசர், ரேம் ஓவர்கிளாக்கிங்: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிராசசரையோ ரேமையோ நிறுவனம் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். 2011-இல் வந்த இன்டெலின் கோர் ஐ5-2500கே பிராசசரின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஒரு நல்ல ஏர் கூலரை மாட்டி, மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கைப் பெருக்கும் எண்) 45-க்கு ஏற்றி, வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் 4.5 கிகாஹெர்ட்ஸில் அலட்டாமல் ஓடியது. அந்தக் காலத்தின் அறிவுரைகள் இன்றும் இணையத்தில் சுற்றிவருகின்றன. அவற்றை அப்படியே இன்றைய பிராசசரில் போட்டுப் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது வெப்பம் மட்டும்தான். இப்போது வரும் ஏஎம்டி ரைசன், இன்டெல் பிராசசர்கள் தொழிற்சாலையிலேயே ஏறக்குறைய எல்லை வரை முறுக்கப்பட்டு வருகின்றன. இவற்றில் மிச்சமிருக்கும் ஆதாயம் பெரும்பாலும் வோல்டேஜைக் குறைப்பதில் இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் பிராசசர் தானாகவே அதிக வேகத்தில் அதிக நேரம் நிற்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வழியில்தான் போகிறது.

உங்கள் பாகங்கள் இடம்கொடுக்குமா?

இன்டெலில் பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ள பிராசசரும் 'இசட்' வரிசை மதர்போர்டும் சேர்ந்திருந்தால்தான் மல்டிப்ளையரை ஏற்ற முடியும். பி560 தொடங்கி 'பி' வரிசை போர்டுகளில் ரேமின் வேகத்தை மட்டும் ஏற்றலாம். ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன் பிராசசர்கள் திறந்தவை. 'பி', 'எக்ஸ்' வரிசை போர்டுகள் போதும். ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில் பிராசசர் ஓவர்கிளாக்கிங் கிடையாது. கூடுதல் கேச் நினைவகம் அடுக்கிய எக்ஸ்3டி மாடல்களில் கவனம் தேவை. 5800எக்ஸ்3டி பூட்டப்பட்டது. 7800எக்ஸ்3டியில் மல்டிப்ளையரைத் தொட முடியாது, ஆனால் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் உண்டு. 9800எக்ஸ்3டி முழுவதும் திறந்தது.

வாரன்டி பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நிறுவனங்களுமே ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை என்று எழுதி வைத்திருக்கின்றன. ரேமைப் பெட்டியில் குறித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ ப்ரொஃபைலை இயக்குவதையும் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் கணக்கில்தான் சேர்க்கிறது.

கை வைக்கும் முன்

மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றுங்கள். இதற்குக் கனமான காரணங்கள் உண்டு. 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகின. பிராசசருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதே அதில் முக்கியக் காரணம். பிறகு வந்த பயாஸ்கள் அதை 1.30 வோல்ட்டில் நிறுத்துகின்றன. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் தேய்ந்துபோனது வெளிவந்தது. அதற்கான மைக்ரோகோட் (பிராசசரின் உள்நிரல்) திருத்தங்களும் பயாஸ் வழியாகவே வந்தன. இந்த இரண்டில் எதையாவது வைத்திருப்பவர் பழைய பயாஸோடு ஓவர்கிளாக்கிங்கில் இறங்கவே கூடாது.

பயாஸ் ஏற்றும்போது டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி அழிந்து, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அந்தக் கீயை முதலிலேயே வேறிடத்தில் எழுதி வையுங்கள். முக்கியக் கோப்புகளையும் பேக்கப் எடுங்கள். ரேம் பிழையோடு ஓடும் கணினி கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். கெட்டது தெரிய சில வாரங்கள்கூட ஆகலாம்.

அடுத்து, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு வேண்டும். எதையும் மாற்றாத நிலையில் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து, பிராசசரை முழுப் பளுவில் ஓட்டி ஸ்கோர் தரும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஸ்கோர், உச்ச வெப்பம், வாட், எல்லாக் கோர்களும் ஓடும்போதான வேகம், வோல்டேஜ் ஆகிய ஐந்தையும் அறை வெப்பத்தோடு சேர்த்துத் தாளில் குறியுங்கள். அறை 24 டிகிரியில் இருந்தபோது எடுத்த அளவையும் 34 டிகிரியில் எடுத்ததையும் நேராக ஒப்பிட முடியாது. அந்தப் பத்து டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே பிராசசரிலும் தெரியும்.

இந்த முதல் ஓட்டத்திலேயே வெப்ப எல்லையைத் தொட்டால், பயாஸுக்குப் போகாமல் கூலரைப் பாருங்கள். எல்லை இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை 100 டிகிரி, ரைசன் 7000-இல் 95, 7800எக்ஸ்3டியில் 89. அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் கூலரை மாட்டியிருப்பது, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்காமல் ஒரு பக்கமாகவே இறுக்கியிருப்பது, லிக்விட் கூலரின் பம்ப் ஒயரை வேகம் குறையும் ஃபேன் ஹெடரில் செருகியிருப்பது: அடிக்கடி கண்ணில்படுபவை இவைதான். பம்ப் எப்போதும் முழு வேகத்தில் சுழல வேண்டும். போர்டின் மேல் மூலையில் இரண்டு சிபியு பவர் கனெக்டர்கள் இருந்தால் இரண்டிலும் கேபிளைச் செருகுங்கள்.

வோல்டேஜ் ஏன் இவ்வளவு முக்கியம்

பிராசசர் இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. 5.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் பிராசசரை 5.2-க்கு ஏற்ற 1.30 வோல்ட் தேவைப்படுகிறது என்று வையுங்கள். வேகம் கூடியது 4 சதவீதம். மின்திறன் 1.04 × 1.174, அதாவது 22 சதவீதம் கூடுகிறது. 150 வாட்டில் ஓடியது 183 வாட்டுக்குப் போகும். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வேகத்தை மாற்றாமல் 1.20-ஐ 1.15 ஆக்கினாலே 8 சதவீத மின்திறன் மிச்சம்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். பயாஸில் நீங்கள் போடும் எண்ணும் வேலைப்பளுவின்போது பிராசசருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜும் ஒன்றல்ல. பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது விளக்கு மங்குவதுபோல, கரண்ட் அதிகம் இழுக்கப்படும்போது வோல்டேஜ் சரியும். அந்தச் சரிவைச் சரிக்கட்டும் அமைப்புக்கு லோட்லைன் காலிபரேஷன் என்று பெயர். அதை உச்சத்தில் வைத்தால் சரிவு மறையும், ஆனால் பளு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் குறித்த அளவைத் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளல் மிகச் சிறிய நேரமே நீடிப்பதால் மென்பொருளில் தெரியாது. நடு நிலையில் வையுங்கள், கொஞ்சம் சரிய விடுங்கள். ஒவ்வொரு போர்டு நிறுவனமும் எண்ணை வெவ்வேறு திசையில் இடுகிறது. ஒன்றில் 1 என்பது உச்சம், மற்றொன்றில் அடிமட்டம். பக்கத்தில் காட்டும் வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டுவிட்டு மல்டிப்ளையரை மட்டும் ஏற்றாதீர்கள். கணினி நிலையாக இருப்பதுதான் போர்டுக்கு முக்கியம் என்பதால், தேவைக்கு மேல் தாராளமாக வோல்டேஜை அள்ளிக் கொடுத்துவிடும்.

முதலில் ரேம் ப்ரொஃபைல்

புதிதாகத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். உழைப்பு குறைவு, பலன் அதிகம். டிடிஆர்5-6000 என்று வாங்கிய ரேம், ப்ரொஃபைலை இயக்கும் வரை 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பலர் இதை அறியாமலே வருடக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள்.

1. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம்களைப் பிராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டுகளில் மாட்டுங்கள்.
2. பயாஸில் இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஏஎம்டி என்றால் எக்ஸ்போ ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள்.
3. சேமித்து வெளியே வாருங்கள். டிடிஆர்5-இல் முதல் பூட்டின்போது, ரேமுக்கு ஏற்ற அளவுகளை போர்டு தேடிப் பிடிக்கும் மெமரி ட்ரெய்னிங் நடக்கும். திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பத்து நிமிடம் பொறுங்கள். பயந்து பவரை அணைத்தால் ட்ரெய்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.
4. விண்டோஸுக்குள் போகாமல், ரேம் பிழைகளைத் தேடும் மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியிலிருந்து நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான்.
5. தேறினால் மறுபடி பயாஸுக்குப் போய், ப்ரொஃபைல் இயங்கியதும் போர்டு தானாக ஏற்றிவிட்ட வோல்டேஜ்களைப் பாருங்கள். ரைசன் 7000, 9000-இல் எஸ்ஓசி வோல்டேஜ் 1.30-ஐ ஒட்டி நின்றால் கையால் 1.20 என்று போட்டுச் சோதியுங்கள். பெரும்பாலும் 6000-க்கு அது போதும், போதாவிட்டால் 1.25.

ரைசன் 7000, 9000-இல் ரேமுக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் ஒரே கிளாக் இருக்கும்வரைதான் வேகம் கைகொடுக்கும். 6000 அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும், 6400 சிலவற்றில் மட்டும். அதற்கு மேல் போனால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். பெட்டியில் 7200 என்று போட்டிருப்பதால் மட்டும் வேகம் கூடிவிடாது. இன்டெலில் இதற்கு கியர் என்று பெயர்: கியர் 1 என்றால் ஒரே கிளாக், கியர் 2 என்றால் கன்ட்ரோலர் பாதி வேகம். டிடிஆர்4-ஐ கியர் 1-இல் 3600 வரை எதிர்பார்க்கலாம், டிடிஆர்5 கியர் 2-இல் ஓடும்.

நான்கு ரேம்களை நிரப்பியவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ரைசன் 7000-க்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600 மட்டுமே. தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிகளைக் கலந்து 6000-இல் ஓட்டப் பார்ப்பது நேரத்தை விழுங்கும் வேலை. கூடுதல் கொள்ளளவு வேண்டுமென்றால் இரண்டு பெரிய ரேம்களாக மாற்றுவதே மேல்.

ரேம் தேறியதும் அந்த அமைப்பை பயாஸில் ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். பிறகு ரேமை அடிப்படை வேகத்துக்கே இறக்கிவிட்டு பிராசசர் பக்கம் வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், கிராஷ் ஆகும்போது எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ரைசன் பிராசசர்

எல்லாக் கோர்களுக்கும் ஒரே வேகத்தைக் கையால் பூட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு கோர் மட்டும் ஓடும்போது பிராசசர் தானாக எட்டும் உச்ச வேகத்தை அது பறித்துவிடும். கேமிங்கில் அந்த உச்ச வேகம்தான் தேவை. பிராசசர் தானாக வேகம் ஏற்றும் எல்லைகளை மாற்ற உதவும் பிபிஓவும் கர்வ் ஆப்டிமைசரும் சேர்ந்த வழியே சிறந்தது.

பயாஸில் பிபிஓவை 'அட்வான்ஸ்டு'க்கு மாற்றுங்கள். பிபிடி எனப்படும் மொத்த வாட் எல்லை 65 வாட் பிராசசரில் 88, 105 வாட்டில் 142, 170 வாட்டில் 230. இப்போதைக்கு இதை மாற்ற வேண்டாம். வெப்ப எல்லையை 85 டிகிரி என்று வைத்தால், கூலர் தடுமாறினாலும் பிராசசர் அங்கேயே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

அடுத்து கர்வ் ஆப்டிமைசர். எல்லாக் கோர்களுக்கும் 'நெகட்டிவ்' 10 கொடுங்கள். ஒரு படி என்பது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆக 30 முதல் 50 மில்லிவோல்ட் குறைத்திருக்கிறீர்கள். சினிபெஞ்ச் ஓட்டுங்கள். வெப்பம் குறைந்து ஸ்கோர் ஏறியிருக்கும். பிறகு 15, 20 என்று ஐந்தைந்தாக இறக்குங்கள்.

சினிபெஞ்ச் தேறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான் இங்கே பலரும் சறுக்கும் இடம். எல்லாக் கோர்களும் ஓடும்போது வேகம் குறைவு, அதனால் குறைந்த வோல்டேஜ் போதும். ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் கணத்தில். கடும் சோதனைகளை எல்லாம் தாண்டிய கணினி, பிரவுசரைத் திறந்து சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோரையும் தனியாக எடுத்துச் சோதிக்கும். இரவு முழுவதும் ஓட விடுங்கள். எந்தக் கோர் தவறுகிறதோ அதற்கு மட்டும் 20-ஐ 15 அல்லது 12 ஆக்குங்கள். தொழிற்சாலையிலேயே சிறந்தது என்று குறிக்கப்பட்ட கோர்கள் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் உச்ச வேகம் எட்டுபவை. அதனால் அவைதான் பெரும்பாலும் முதலில் தவறும்.

ரீஸ்டார்ட் ஆகிவிட்டால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ (வன்பொருள் பிழை) பதிவைத் தேடுங்கள். அதில் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். எட்டு கோர் ரைசனில் அதை 2-ஆல் வகுத்தால் கோரின் எண் கிடைக்கும்: 8 அல்லது 9 என்றால் கோர் 4, பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள்.

வேகம் அதிகமாகக் காட்டியும் ஸ்கோர் இறங்குகிறதா? வோல்டேஜ் போதாமல் பிராசசர் தன் கிளாக்கை இழுத்து நீட்டுகிறது. எச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரியைப் பாருங்கள். பளு முழுதாக இருக்கும்போது காட்டும் வேகத்தைவிட அது 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் குறைந்தால் சில படிகள் பின்வாங்குங்கள்.

இன்டெல் பிராசசர்

முதலில் போர்டு தானாகத் தளர்த்தியிருக்கும் மின்திறன் எல்லைகளை இன்டெல் குறித்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்: 13600கே என்றால் 181 வாட், 13900கே, 14900கே என்றால் 253 வாட். வோல்டேஜை 'அடாப்டிவ்' அல்லது 'ஆஃப்செட்' முறையில் வைத்து, பிராசசர் கேட்கும் வோல்டேஜிலிருந்து குறைய மைனஸ் 0.050 வோல்ட் கொடுங்கள். சேமிக்கும் முன் குறியை இன்னொரு முறை பாருங்கள். பல பயாஸ்களில் அது பிளஸ்ஸில்தான் தொடங்கும், 0.050 குறைக்க நினைத்து 0.050 கூட்டிவிடுவது மிக எளிது.

சினிபெஞ்சில் அரை மணி நேரம் தேறினால் மைனஸ் 0.070, 0.090 என்று இறக்குங்கள். வெப்பம் குறைந்தும் ஸ்கோர் வெகுவாக விழுந்தால், சிஇபி என்ற பாதுகாப்பு வோல்டேஜ் குறைவைக் கண்டு பிராசசரை மெதுவாக்குகிறது என்று பொருள். 'கே' பிராசசரும் 'இசட்' போர்டும் இருந்தால் பெரும்பாலும் அதை அணைக்கலாம். இல்லையென்றால் ஸ்கோர் விழாத ஆஃப்செட்டில் நில்லுங்கள்.

இதன் பிறகும் 85 டிகிரிக்குக் கீழே இடமிருந்தால் மட்டும் வேகம். 13600கேயின் பெர்ஃபார்மன்ஸ் கோர் மல்டிப்ளையர் 51. அதை 52 ஆக்கி, அரை மணி நேரச் சோதனை. பிறகு 53. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு படி. தவறினால் 0.010 வோல்ட் கூட்டி மறுபடி பாருங்கள். பளுவின்போது 1.30 வோல்ட்டைத் தாண்ட வேண்டியிருந்தால் அந்த வேகத்தை விட்டுவிடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸுக்காக பிராசசரின் ஆயுளைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

ரேம் டைமிங்: அடுத்த கட்டம்

ரேமின் தாமதத்தைக் கணக்கிட, சிஎல் எண்ணை (கேட்ட தரவு வர எடுக்கும் கிளாக் சுழற்சிகள்) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். 6000 சிஎல்30 என்றால் 10 நானோவினாடி, 5600 சிஎல்40 என்றால் 14.3. ஆனால் சிஎல்லை 30-லிருந்து 28 ஆக்க மல்லுக்கட்டுவதைவிட அதிகம் பலன் தரும் இடம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ப்ரொஃபைல்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், இடைவெளி விட்டுப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க எடுக்கும் நேரம் டிஆர்எஃப்சி, புதுப்பித்தல்களுக்கு நடுவிலான இடைவெளி டிரெஃபி. டிடிஆர்5-இன் 16 கிகாபிட் சிப்பில் அடிப்படை அளவுகள் 295 நானோவினாடியும் 3.9 மைக்ரோவினாடியும். 6000 வேகத்தில் பயாஸில் இவை சுமார் 885, 11700 என்று தெரியும். அதாவது ஏழரை சதவீத நேரம் ரேம் வேலைக்கு வராமல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. டிரெஃபியை 32768 ஆக்கினால் அது 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஹைனிக்ஸ் நிறுவனத்தின் 16 கிகாபிட் ஏ-டை, எம்-டை ரகச் சிப்கள் டிஆர்எஃப்சி 500-ஐப் பொதுவாகத் தாங்கும்; மற்ற சிப்களில் ஐம்பது ஐம்பதாகக் குறைத்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. சிப் சூடானால் மின்னூட்டம் வேகமாகக் கசியும். டிரெஃபியை நீட்டிய ரேமை 50 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. கேமில் அதன் சூட்டுக் காற்று நேராக ரேமின் மேல் வீசும். 'டெஸ்டில் தேறியது, கேமில் கிராஷ் ஆகிறது' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். ரேமின் மேல் ஒரு ஃபேனைத் திருப்பி வைப்பது, அல்லது டிரெஃபியைக் குறைப்பது: இரண்டில் ஒன்று. டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடியின் மெமரி சோதனையை கிராஃபிக்ஸ் பளுவோடு சேர்த்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் உண்மை நிலவரம் தெரியும்.

வோல்டேஜைப் பொறுத்தவரை டிடிஆர்5-க்கு 1.40, டிடிஆர்4-க்கு 1.40 வரை அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதும். டிடிஆர்5-இல் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறது என்பதை நம்பி மெத்தனமாக இருக்காதீர்கள். அது சிப்புக்குள் நடக்கும் சிறு பிழைகளை மட்டுமே பார்க்கும். ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவில் கெடுவது அதன் கண்ணில் படாது.

எல்லாம் தனித்தனியாகத் தேறிய பின் பிராசசர், ரேம் இரண்டின் அமைப்பையும் ஒன்றாக இயக்கி மறுபடி சோதியுங்கள். மெமரி கன்ட்ரோலர் கூடுதலாகச் சூடாகும் என்பதால், தனியே கர்வ் ஆப்டிமைசரில் நெகட்டிவ் 20 தாங்கிய கோர் இப்போது 17-தான் தாங்கலாம்.

பூட் ஆகவில்லை என்றால்

பல போர்டுகளில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: சிபியு, டிரேம், விஜிஏ, பூட். டிரேம் விளக்கு பத்து நிமிடத்துக்கு மேலும் அணையாமல் நின்றால் ரேம் அமைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பவரை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, பயாஸ் அமைப்புகளை அழிக்க, க்ளியர் சிமாஸ் என்று குறித்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து வினாடி தொட்டுப் பிடியுங்கள். அந்த ஊசிகள் கிடைக்காவிட்டால் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்து மாட்டுங்கள். அப்போதும் எழவில்லையென்றால் ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணினி பின்னால் எப்போதாவது கிராஷ் ஆகத் தொடங்கினால், விண்டோஸை மறுபடி நிறுவும் முன் பயாஸை அடிப்படை அமைப்புக்குத் திருப்பி இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால் ஓவர்கிளாக்தான் காரணம். தூசி அடைத்த கூலரும் கோடை வெப்பமும் சேர்ந்தாலே ஐந்து டிகிரி கூடிவிடும். கூலரைச் சுத்தம் செய்து, கர்வ் ஆப்டிமைசரில் மூன்று படி விட்டுக்கொடுங்கள், இன்டெலில் 0.015 வோல்ட் திருப்பிக் கொடுங்கள். பயாஸ் புதுப்பித்ததும் சேமித்த ப்ரொஃபைல்கள் அழிந்துபோகலாம். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் எல்லா எண்களையும் திரும்பப் போட்டுவிடலாம்.